மேட்டு மலையில் மரம் அறுக்கும் மெசின்: காற்றும் பெற்றோலும் பழியும்

(தோட்டக் கமிட்டிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளம், லயம், காணி என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று ஒரு மெசினைப் பற்றிப் பேசப் போகிறோம். மரம் அறுக்கும் செயின்சோ. இது சங்கக் கூட்டமா, கராஜா என்று யாரும் கேட்க வேண்டாம். சவுக்கு, டர்பன்டைன் மரம் விழுத்தும் மலைகளில் நமது பிள்ளைகள்தான் இந்த மெசினைத் தூக்குகிறார்கள். மெசின் எரிந்து போனால், "பிடிக்கத் தெரியாதவன் கெடுத்துவிட்டான்" என்ற பேச்சும் அவர்கள் மேல்தான் விழுகிறது. சில இடங்களில் சம்பளத்திலும் கை வைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டுமானால், மேட்டு மலையில் மெசின் ஏன் கெடுகிறது என்று முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், அங்கே 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமெடுப்பது அதனால்தான். நம் தாய்மார் அடுப்பங்கரையில் பார்க்கும் அதே சங்கதிதான் எஞ்சினுக்குள்ளும் நடக்கிறது.

எஞ்சின் ஓடுவதற்குக் காற்றும் பெற்றோலும் சரியான அளவில் கலக்க வேண்டும். கலந்து கொடுப்பது காபரேட்டர். கொழும்புப் பக்கம் சரிபார்த்து அனுப்பிய மெசின் மேலே வந்ததும், ஒவ்வொரு மூச்சிலும் அது இழுக்கும் காற்று குறைகிறது. பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே கலவையில் பெற்றோல் கூடிப் போகிறது. இதன் அடையாளங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: புகை கக்கும், அக்சிலேட்டரை அழுத்தினால் திணறிப் பிறகுதான் எழும்பும், சும்மா ஓட விட்டால் அணைந்துவிடும், பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கிறார்கள். எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் மேட்டு மலையில் மெசினுக்குப் பலம் குறைவுதான். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் நூற்றுக்கு 3 வீதம் பலம் போகும். 1,800 மீற்றரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இல்லை. காற்றே இல்லாதபோது எந்த ஸ்குரூவைத் திருகினாலும் அந்தப் பலம் திரும்பி வராது.

இரண்டு, இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இதற்குத் தனியாக ஒயில் தொட்டி கிடையாது. பிஸ்டனுக்குப் போகும் ஒயில் பெற்றோலோடு கலந்துதான் போகிறது. பலம் வேண்டுமென்று பெற்றோலை அளவுக்கு மேல் குறைத்தால் ஒயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. பிஸ்டன் உரசிப் பிடித்துவிடும். மெசின் எரிந்து போனது என்று நாம் சொல்வது பல வேளைகளில் இதைத்தான்.

இனி முறையைப் பார்ப்போம். காபரேட்டரைத் தொடுவதற்கு முன் எயார் ஃபில்டரைக் கழுவிக் காய வைத்துப் போடுங்கள். அடைத்த ஃபில்டரும் மேட்டு மலையும் ஒரே அடையாளத்தைத்தான் காட்டும். பிளக்கையும் சைலன்சர் வலையையும் சுத்தம் செய்யுங்கள். பழைய பெற்றோலை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலந்து கொள்ளுங்கள். மெசின் புத்தகத்தில் 50க்கு 1 என்றிருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் டூ-ஸ்ட்ரோக் ஒயில். 25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்றுவது கூடாது. சங்கிலியும் பாரும் மாட்டியிருக்க வேண்டும். மெசினைத் தரையில் உறுதியாக வைத்து, முன்பக்கம் யாரும் நிற்காமல் பார்த்து, நன்றாகச் சூடாகும் வரை ஓட விடுங்கள். காதுக்கு உறை போடாமல் இந்த வேலை செய்ய வேண்டாம்.

பெரும்பாலான மெசின்களில் மூன்று ஸ்குரூ இருக்கும். எல் என்பது மெதுவாக ஓடும்போது பெற்றோலை அளப்பது. எச் என்பது முழு வேகத்தில் அளப்பது. மூன்றாவது, சும்மா ஓடும் வேகத்துக்கானது. மெசினைப் பொறுத்து டீ என்றோ எல்ஏ என்றோ போட்டிருக்கும். எல்லையும் எச்சையும் மணிக்கூட்டு முள் ஓடும் பக்கம் திருகினால் பெற்றோல் குறையும், எதிர்ப்பக்கம் திருகினால் கூடும். ஒரு நேரத்தில் மணிக்கூட்டு முகத்தில் ஐந்து நிமிட அளவு திருகினால் போதும். திருகுவதற்கு முன் ஸ்குரூ நின்ற இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்.

முதலில் எல். மெசின் ஆகக் கூடிய வேகத்தில் சும்மா ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்று எதிர்ப்பக்கம் விடுங்கள். அக்சிலேட்டரை அழுத்தினால் தயங்காமல் எழும்ப வேண்டும்.

அடுத்தது சும்மா ஓடும் வேகம். இதுதான் கையையும் காலையும் காப்பாற்றும் ஸ்குரூ. அக்சிலேட்டரை விட்டதும் சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும், எஞ்சின் அணையாமல் ஓட வேண்டும். சங்கிலி ஓடினால் நிற்கும் வரை எதிர்ப்பக்கம் திருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளச் பழுதாக இருக்கலாம். அந்த மெசினைத் திருத்தும் வரை மலைக்கு எடுத்துப் போகக் கூடாது. சரிவில் கால் வைக்கும் நேரத்தில் சங்கிலி தானாக ஓடினால் என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக எச். சுற்று அளக்கும் மீற்றர் உள்ளவர்தான் இதைத் தொட வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது. மீற்றர் இல்லாத இடத்தில் காதால் தெரிந்து கொள்ளக் கூடியது ஒன்றுண்டு. மரத்தில் படாமல் முழு வேகத்தில் சில விநாடி ஓட விட்டால், சத்தம் கொஞ்சம் உடைந்து கரகரப்பாக இருக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்புப் போய்ச் சீராக வேண்டும். மரத்தில் படாமலே கூர்மையாக அலறினால் பெற்றோல் போதவில்லை. உடனே நிறுத்துங்கள். பிறகு பிளக்கைப் பாருங்கள். மண் நிறமென்றால் நல்லது, வெளுத்திருந்தால் ஆபத்து.

தானாகவே கலவையைச் சரிசெய்யும் புது மெசின்களும் வந்துவிட்டன. அவற்றில் எல், எச் ஸ்குரூவைத் தேடி நோண்ட வேண்டாம்.

தோழர்களே, இதில் ஆபத்து அதிகமானது எது தெரியுமா? மேலே சரிசெய்த மெசினைக் கீழே அனுப்புவது. ஒரே கம்பனிக்கு மேலே தேயிலையும் கீழே இறப்பரும் இருக்கும். மெசின் லொறியில் ஏறி இறங்கும். மேட்டு மலைக்காகப் பெற்றோலைக் குறைத்து வைத்த மெசின், காற்று நிறைந்த இறப்பர்க் காட்டுக்குப் போனால் பெற்றோலும் ஒயிலும் போதாமல் சில நாளிலேயே எரிந்துவிடும். அங்கே அதைக் கையில் பிடித்திருந்தவன் ஒரு ஸ்குரூவையும் தொட்டிருக்க மாட்டான். ஆனால் பழி அவன் மேல். குற்றம் மெசினை மாற்றி அனுப்பியவர்கள் அதைத் திரும்பச் சரிபார்க்காததில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு கொப்பி வேண்டும். எந்தத் தேதியில் எந்த டிவிசனுக்குப் போனது, யார் சரிசெய்தார், எந்த அளவில் ஒயில் கலந்தது என்று அதில் எழுத வேண்டும். உயரம் மாறும் ஒவ்வொரு தடவையும் பயிற்சி பெற்றவர் மெசினைச் சரிபார்க்க வேண்டும். அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டுப் பேர் போட வேண்டும்.

கீழ்நாட்டுக் கணக்கை வைத்து மேல்மலையில் ஒரு நாளைக்கு இத்தனை மரம் என்று விதிக்கக் கூடாது. பலம் குறைந்த மெசினுக்கு நேரம் கூட வேண்டும்.

தலைக்கவசம், காதுறை, கண்ணுக்கு மறைப்பு, வெட்டுப்படாத காற்சட்டை, சப்பாத்து எல்லாம் நிர்வாகம் தர வேண்டும். கொந்தராப்பு வேலை என்று சொல்லித் தட்டிக் கழிக்க விடக் கூடாது.

மெசின் எரிந்தால் கமிட்டித் தலைவர் முன்னிலையில் கழற்றிப் பார்க்க வேண்டும். பிஸ்டனையும் பிளக்கையும் எறியாமல் வைத்திருங்கள். அவைதான் நமது சாட்சி. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், நினைத்தபடி சம்பளத்தில் கழிப்பதற்கு இடம் தரவில்லை. யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாமல் நேரே கமிட்டிக்கு வாருங்கள். காயம் பட்டால், சின்னக் காயமாக இருந்தாலும், அன்றைக்கே எழுத்தில் பதிய வையுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கேட்பதற்கு அந்தப் பதிவு உதவும்.

புல் வெட்டும் மெசினுக்கும் மருந்தடிக்கும் மெசினுக்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஆகவே இது மரம் வெட்டுகிறவர்களுக்கு மட்டுமான பாடமல்ல. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்தில் எத்தனை மெசின் இருக்கிறது, எதற்குக் கொப்பி இருக்கிறது, எதற்கு இல்லை என்று எழுதிக் கொண்டு வாருங்கள். அதை வைத்து நிர்வாகத்தோடு பேசுவோம்.