லோகோவில் நின்றுபோன போன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய விஷயங்களை எல்லாம் பேசிவிட்டார்கள். நான் மார்க்கையன்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்தது என் மேஜையும் அதன் மேல் வந்து விழுகிற போன்களும்தான். ஆகவே பழைய ஸ்மார்ட்போனில் கணினி வழியாக மென்பொருளைத் திரும்ப ஏற்றுவது பற்றிப் பேசுகிறேன். நம்ம பக்கம் 'சாப்ட்வேர் போடுறது' என்பார்களே, அதுதான்.

போன நடவு சமயத்தில் ஒரு அம்மா கடைக்கு வந்தார். கையில் சாம்சங் கேலக்ஸி ஜே2, 2015இல் வந்த மாடல். "தம்பி, ரெண்டு நாளா கம்பெனி பேரு மட்டும் வருது, உள்ள போகவே மாட்டேங்குது" என்றார். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுப் பிள்ளை பேட்டரியைக் கழற்றிவிட்டதாம். வேறு ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் அழித்தால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அழிக்கவிடவில்லை. காரணம், இறந்துபோன அவருடைய வீட்டுக்காரர் பேசி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் அதற்குள் இருந்தன. "போன் போனா போகுது தம்பி, அவரு குரல் போயிறக் கூடாது."

அழித்துத்தான் ஆக வேண்டுமா? இல்லை. போனின் நினைவகம் ஒரே அறை இல்லை, பல அறைகள் உள்ள வீடு. இயங்குதளம் ஒரு அறை, போனை எழுப்பிவிடும் பூட்லோடர் ஒரு அறை, நம்முடைய போட்டோ, குரல், செய்தி எல்லாம் இன்னொரு அறை. அடுப்படி இடிந்தால் அடுப்படியைத்தான் கட்ட வேண்டும், பீரோவைத் தூக்கித் தெருவில் போட வேண்டியதில்லை. 'ஃபேக்டரி ரீசெட்' என்பது பீரோவைத் தூக்கிப் போடுகிற வேலை. அதுதான் சுலபம், அதனால் முதலில் அதையே செய்துவிடுகிறார்கள்.

முதலில் பேட்டரியைப் பார்த்தேன், உப்பியிருக்கவில்லை. பிறகு ஒலியைக் கூட்டும் பொத்தான், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ரிகவரியில் 'கேஷ்' பகுதியை மட்டும் துடைத்தேன். இதில் சொந்தத் தகவல் போகாது. பல போன்கள் இதிலேயே எழுந்துவிடும். இது எழவில்லை.

அப்புறம்தான் கணினி. சாம்சங் போனுக்கு 'ஓடின்' என்று ஒரு நிரல் உண்டு. நிறுவனம் தன் சர்வீஸ் ஆட்களுக்காக வைத்திருந்தது வெளியே கசிந்து பரவியது. விண்டோஸில் மட்டும் ஓடும். லினக்ஸ்காரர்களுக்கு 'ஹெய்ம்டால்' என்று ஒன்றை எழுதினார்கள். இரண்டுமே வடநாட்டு ஐரோப்பியத் தெய்வங்களின் பெயர்கள். நம்ம ஆள் எழுதியிருந்தால் கருப்பசாமி என்று வைத்திருப்பான்.

நான் இதற்கு மேஜைக் கணினியைத் தொடுவதில்லை. நம்ம ஊர் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய், அது பூட்லோடர் எழுதுகிற நொடியாக இருந்துவிட்டால் போன் கல்தான். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. 2011இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினியே இதற்குப் போதும்.

மாடல் எண்ணைப் பேட்டரிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் பார்க்க வேண்டும். ஜே2 என்ற பெயரிலேயே மறுவருடம் வேறு போன் வந்தது, அதன் கோப்பு இதற்கு ஆகாது. இந்தியாவுக்கான பதிப்புதானா என்றும், ஏற்கெனவே இருந்ததைவிடப் பழைய பூட்லோடர் இல்லையே என்றும் பார்க்க வேண்டும். பழையதை ஏற்ற போன் சம்மதிக்காது.

போனை அணைத்து, ஒலியைக் குறைக்கும் பொத்தான், ஹோம், பவர் மூன்றையும் அழுத்தினால் ஒரு எச்சரிக்கை வரும். ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் டவுன்லோட் நிலை. கேபிளைச் செருகியதும் ஓடினில் ஒரு கட்டம் நீலமாக மாறும். மாறாவிட்டால் டிரைவர் இல்லை, அல்லது கேபிள் சொத்தை. பாதிப் பிரச்சினை கேபிளில்தான்! இந்தப் பழைய போன்களுக்குப் பெரும்பாலும் ஒரே கோப்பாக வரும், அதை 'ஏ.பி.' என்ற இடத்தில் கொடுக்க வேண்டும். நான்கு கோப்பாக வந்தால் கவனம்: 'சி.எஸ்.சி.' என்று இருப்பது அழித்துவிடும், 'ஹோம் சி.எஸ்.சி.' என்று இருப்பது தகவலை வைத்துக்கொள்ளும். பலபேர் பறிகொடுப்பது இந்த ஒரு சொல்லில்தான். 'ரீ-பார்ட்டிஷன்' கட்டத்தில் டிக் போடவே கூடாது.

கோப்பைச் சரிபார்க்கும்போது ஓடின் செத்ததுபோல் நிற்கும். பொறுமையாக இருக்க வேண்டும். எழுதி முடிந்ததும் பச்சையில் 'பாஸ்' என்று வந்தது. முதல் தடவை எழும்ப நிறைய நேரம் எடுத்தது. அந்த அம்மா டீ கூடக் குடிக்கவில்லை. திரை வந்ததும் அவரே வாட்ஸ்அப்பைத் திறந்து காதில் வைத்துக்கொண்டார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அன்று சாயங்காலமே அந்தப் பதிவுகளை எல்லாம் ஒரு மெமரி கார்டிலும் பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தேன். அந்த நினைவகச் சில்லுக்கு வயதாகிவிட்டது, அது எழுத மறுக்கிற நாளில் எந்த ஓடினாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வங்கிச் செயலி மட்டும் இதில் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். ஆண்ட்ராய்டு 5.1, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி வராது.

தம்பிகளுக்கு இரண்டு விஷயம். ரீசெட் செய்த பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்கும், 5.1இலிருந்து அப்படித்தான். அதை உடைத்துத் தரச் சொல்லி வருபவனிடம் பில்லைக் கேளுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றித் தரச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 2017இலேயே அதற்குத் தனி விதி வந்துவிட்டது, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மடிக்கணினியோடு வேதியியல் துறை வராண்டாவில் இருப்பேன். லோகோவில் நிற்கிற போன் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். கேபிளை மறந்துவிடாதீர்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.