வீட்டை விட்டு வந்த பிறகு



அடிக்கும் கணவனை விட்டு ஒரு பெண் பிள்ளைகளோடு வெளியேறினாள் என்றால், "அப்பாடா, தப்பித்தாள்" என்கிறோம். ஆனால் ஆபத்து கூடுவதே அப்போதுதான். தன் பிடியில் இருந்தவள் போய்விட்டாள் என்பதை அவனால் தாங்க முடிவதில்லை. தேடுவான், அழுவான், மிரட்டுவான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறான்? பல வேளைகளில் நம் மூலமாகத்தான். "சமாதானம் பேசத்தானே கேட்கிறான்" என்று மாமாவோ சித்தப்பாவோ விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் அடி வாங்கப்போவது அவர்கள் அல்லவே! அடுத்தது கைத்தொலைபேசி. இருப்பிடம் காட்டும் வசதியை அணையுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள். பிள்ளையின் தொலைபேசியையும் பாருங்கள். வழக்கமான கோயில், வழக்கமான வெள்ளிக்கிழமை நேரம் இரண்டையும் கொஞ்ச காலம் மாற்றிக்கொள்ளுங்கள். அவனுக்கும் அவை தெரியும்.

"கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. சட்டம் எனக்கு உதவுமா?" என்று தயங்கும் சகோதரிகள் உண்டு. உதவும். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், சமயச் சடங்குப்படி நடந்த, பதிவாகாத திருமணத்தையும் ஏற்கிறது. விவாகரத்தான மனைவிக்கும் அது பொருந்தும்.

2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வந்தது. உடலுக்குத் தீங்கு நேருமென்ற அச்சம் இருந்தால் சமூக நல அதிகாரியிடமே இதைக் கேட்கலாம். போலீஸ் புகார் கட்டாயமில்லை. ஆனால் ஏழு நாள்தான் செல்லும். அந்த ஏழு நாளுக்குள் போலீசில் புகார் செய்து, நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பெற முயல வேண்டும். அதுவும் போலீஸ் விசாரணைக் காலத்துக்கு மட்டுமே. வழக்கு நீதிமன்றம் ஏறியதும் பாதுகாப்பு உத்தரவைத் தனியாகக் கேட்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

உத்தரவை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு நகல் கைப்பையில், ஒன்று பிள்ளையின் பள்ளியில், ஒன்று வேலையிடத்துப் பாதுகாவலரிடம் இருக்கட்டும். பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்பதையும் பள்ளிக்கு எழுதிக் கொடுங்கள்.

அடிக்காமல் பின்தொடர்ந்துகொண்டே இருந்தால்? 2023 முதல் அதுவும் குற்றம். வாசலில் நின்ற தேதி, நேரம், அனுப்பிய செய்தி எதையும் அழிக்காமல் குறித்து வையுங்கள். ஆலோசனைக்கு 15999, கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் 999.