மறதியை வயசு என்று விட்டுவிடாதீர்கள்



வாப்பாவோ உம்மாவோ கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். அது அல்சைமர் நோயாகவும் இருக்கலாம்.

நம் மூளையில் மைக்ரோகிளியா என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் உண்டு. கழிவுப் புரதங்களை அகற்றுவது அவற்றின் வேலை. அல்சைமரில் அவையே ஓயாத அழற்சியை உண்டாக்கி, நரம்புச் செல்களையும் சேதப்படுத்துகின்றன.

வேல்ஸ் நாட்டு முதியோரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. அக்கித் தடுப்பூசி போட்டவர்களுக்கு 7 ஆண்டுகளில் மறதிநோய் சுமார் 20 சதவீதம் குறைவாக வந்திருந்தது. நோய் எதிர்ப்பு சக்திக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை இது மேலும் யோசிக்க வைக்கிறது.

தைராய்டு, பி12 குறைபாட்டால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே, முதலில் டாக்டரிடம் காட்டுவோம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்போம். பத்தாவது முறை கேட்டாலும், முதல் முறை போலவே பதில் சொல்வோம்.