இரண்டாவது அங்கி யாருடையது?

(வானொலி மறையுரை. திருவருகைக்காலம் மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 3:10-18)



இன்று மகிழ்ச்சி ஞாயிறு. ஆலயத்தில் மூன்றாவது மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம். நற்செய்தியில் யோர்தான் கரையில் மக்கள் கூடி நிற்கிறார்கள். மூன்று கூட்டத்தார் திருமுழுக்கு யோவானிடம் வருகிறார்கள். முதலில் பொதுமக்கள், பிறகு வரிதண்டுவோர், கடைசியாகப் படைவீரர். மூவருக்கும் ஒரே கேள்வி: நாங்கள் என்ன செய்வது?

யோவான் முதலில் பேசுவது வழிபாட்டைப் பற்றியும் அல்ல, நோன்பைப் பற்றியும் அல்ல. துணியைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்கிறார். உணவுக்கும் அதுவே சட்டம் என்கிறார். சில வரிகள் கழித்துப் படைவீரர்களுக்குப் பதில் சொல்கிறார். துணியும் படைவீரரும் இப்படி அருகருகே வரும் பகுதியைத் தியானிக்கும்போது, நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கடை நினைவுக்கு வரக்கூடும்.

அதுதான் மிலிட்டரி சாமான் கடை. படைமுகாம் இருந்த ஊர்களின் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இராணுவம் கழித்துவிட்ட பொருள்களை ஏலத்தில் எடுத்து வந்து குவித்து வைத்திருப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் கித்தான் துணியின் மணமும் பாச்சை உருண்டையின் மணமும் கலந்து வரும். முரட்டுக் கம்பளி, பித்தளைப் பொத்தான் வைத்த ஓவர்கோட், கம்பளித் துணி சுற்றிய அலுமினியத் தண்ணீர்ப் புட்டி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சாப்பாட்டுத் தகரக் கிண்ணம், தோட்டா அடுக்கி வந்த இரும்புப் பெட்டி, கூடாரத் துணி, பூட்ஸ் என்று எல்லாம் அங்கே கிடக்கும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் அங்கே போனது வேடிக்கை பார்க்க அல்ல. விலை மலிவு, பொருள் கெட்டி. ஒரு கம்பளி வாங்கினால் தாத்தா போர்த்தி, அப்பா போர்த்தி, பிறகு பிள்ளைகளுக்கும் வரும். தோட்டாப் பெட்டியில் அம்மா அரிசி போட்டு வைத்தார். பள்ளிக்கூடத்துக்குக் கித்தான் பை போனது. பெரிய ஓவர்கோட்டைத் தையற்காரரிடம் கொடுத்து அளவு குறைத்துச் சிறுவனுக்குப் போட்டார்கள். ஆனாலும் தோள் இறங்கித்தான் நிற்கும். சவுலின் கவசத்தை அணிந்து நடக்க முடியாமல் கழற்றி வைத்த தாவீதைப் போல அந்தச் சிறுவனும் தடுமாறுவான்.

வெள்ளையர் ஆட்சிக் காலத்துச் சாமான்களில் ஓர் அடையாளம் இருக்கும். மூன்று கோடுகள் சேர்ந்து ஓர் அம்புக்குறி. இது அரசின் உடைமை, தனியாருக்கு உரியதல்ல என்பது அதன் பொருள். நம் இராணுவ வண்டிகளின் எண் பலகையில் அம்புக்குறி இன்றும் உண்டு. பிரிட்டிஷார் பொருளை விற்கும்போது, அந்தக் குறியின் முனையோடு முனை சேர்த்து இன்னோர் அம்புக்குறி பதிப்பார்கள். சேவையிலிருந்து முறையாக விடுவிக்கப்பட்டது என்று அர்த்தம். பழைய குறியை அழிப்பதில்லை. அதன் மேலேயே ஒரு விடுதலைக் குறி ஏறுகிறது. திருமுழுக்கில் நாம் பெறும் அழியாத முத்திரையை விளக்க இதைவிட எளிய உவமை கிடைப்பது அரிது. நம் பழைய வாழ்வின் தடங்களைக் கடவுள் சுரண்டி எறிவதில்லை. அவற்றின் மேலேயே தம் குறியைப் பதித்து, இனி நீ வேறொரு வேலைக்கு என்று அனுப்புகிறார்.

சகோதர சகோதரிகளே, வேறொரு வேலைக்கு என்ற இந்தச் சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வாள்கள் கலப்பைக் கொழுவாகவும், ஈட்டிகள் அரிவாளாகவும் மாறும் நாளை இறைவாக்கினர் எசாயா காண்கிறார். அது வெறும் கனவு அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிலிப்பின்ஸ் நாட்டில் அமெரிக்கப் படை ஏராளமான ஜீப்புகளை விட்டுச் சென்றது. அந்த ஏழை மக்கள் ஜீப்பின் பின்பக்கத்தை நீட்டி, இரு பக்கமும் பலகை போட்டு, ஊர்மக்கள் ஏறிப்போகும் வண்டியாக்கினார்கள். ஜீப்னி என்று பெயரிட்டார்கள். வண்ணம் அடித்து, அன்னை மரியாவின் படத்தையும் குழந்தை இயேசுவின் படத்தையும் தீட்டினார்கள். போருக்குப் போன வண்டி சந்தைக்குப் போகும் தாய்மாரைச் சுமந்தது.

இன்னொன்று, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில். வட ஆப்பிரிக்கப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளை 1942இல் அங்கே கொண்டுபோனார்கள். கடலில் தடுப்புச் சுவர் கட்டும் வேலை. கடுங்குளிர். அவர்கள் கேட்டது ஒரு சிற்றாலயம். கிடைத்தது பாதி உருளை வடிவில் வளைத்த இரண்டு தகரக் கொட்டகைகள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். மாட்டிறைச்சி வந்த தகர டப்பாக்களை வெட்டி விளக்கு செய்தார்கள். உடைந்த கப்பலின் மரத்தில் நற்கருணைப் பேழை செய்தார்கள். தொமெனிக்கோ கியோக்கெத்தி என்ற கைதி, தம் தாய் கொடுத்துவிட்ட சிறிய செபப் படத்தைப் பார்த்து பீடத்தின் மேல் அன்னையையும் குழந்தையையும் வரைந்தார். 1944இல் மற்றவர்கள் கிளம்பியபோது, திருமுழுக்குத் தொட்டியை முடிப்பதற்காக அவர் மட்டும் பின்தங்கினார். முகாமைக் கலைத்துவிட்டார்கள். ஆலயம் இன்றும் நிற்கிறது. பகைவரின் மண்ணில், பகைவர் கொடுத்த தகரத்தில், இறைவனுக்கு ஓர் இல்லம்!

ஆனால் யோவானின் சொல் இதையும் தாண்டிப் போகிறது. மிஞ்சியதை நல்ல வேலைக்குப் பயன்படுத்துங்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மிஞ்சியது யாருடையது என்று கேட்கிறார்.

இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, 1944இல், அமெரிக்கா மிஞ்சப்போகும் போர்ச் சொத்துகளை என்ன செய்வது என்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. போர் முடிந்து வீடு திரும்பும் வீரருக்கு அவற்றை வாங்குவதில் முன்னுரிமையும் தந்தது. ஓர் அரசே தன்னிடம் மிஞ்சியதைக் கணக்கெடுத்து, இது இன்னாருக்கு என்று எழுதி வைக்கிறது. நம் வீட்டில் அப்படி ஒரு கணக்கு உண்டா? இந்தக் கிறிஸ்துமஸுக்கு எத்தனை புதுத்துணி எடுக்கிறோம் என்பது தெரியும். பீரோவில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்பது தெரியுமா? திருச்சபைத் தந்தை புனித பெரிய பசிலியார் இதில் தயவு காட்டவில்லை. பெட்டியில் பூட்டி வைத்த உன் மேலாடை, ஆடையில்லாதவனுக்குச் சொந்தமானது என்ற பொருளில் அவர் மறையுரை ஆற்றினார். நாம் கொடுக்கும்போது தானம் செய்வதாக எண்ணுகிறோம். அவரோ, அவனுடையதை அவனிடம் திருப்பித் தருகிறாய், அவ்வளவுதான் என்கிறார்.

கொடுப்பதிலும் ஒரு தரம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்துச் சாலையோரங்களில் பழந்துணி மூட்டைகள் கேட்பாரற்றுக் கிடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அன்பினால் அனுப்பியவர் பலர். ஆனால் கிழிந்ததும் சாயம் போனதும் பொத்தான் இல்லாததும் அதில் இருந்தன. வீடிழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. அவர்கள் இழந்தது வீட்டையும் வலையையும்தான், மானத்தை அல்ல. மிலிட்டரி கடையில் நம் பெற்றோர் ஒரு கம்பளியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை இழையாகப் பார்த்துத்தான் வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்குபவருக்கு அந்த உரிமை உண்டு. இலவசமாகப் பெறுகிற ஏழைக்கு மட்டும் அது கிடையாதா?

தூர் நகர்ப் புனித மார்ட்டினை இங்கே நினைப்போம். அவர் உரோமைப் படைவீரர். கொடுங்குளிரில், ஆமியான் நகர வாயிலில், ஆடையற்ற ஓர் ஏழையைக் கண்டார். கையில் இருந்ததையெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார். மிச்சம், உடுத்தியிருந்த படைவீரர் மேலங்கி மட்டுமே. வாளை உருவி அதை இரண்டாக வெட்டி, பாதியைக் கொடுத்தார். பாதி அங்கியோடு நின்றவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதி அங்கியை அணிந்து தோன்றினார். கவனியுங்கள், மார்ட்டின் கொடுத்தது உபரி அல்ல. உடுத்தியிருந்ததில் பாதி. அன்று அவரது வாள் செய்த வேலை, துணியை வெட்டியது! எசாயா கண்ட கனவு அந்த நகர வாயிலில் ஒரு நொடி நிறைவேறியது. அவர் வைத்துக்கொண்ட மறுபாதியைப் பிற்காலத்தில் திருப்பண்டமாகக் காத்தார்கள். அந்தச் சிறு மேலங்கிக்கு இலத்தீனில் கப்பெல்லா என்று பெயர். அதிலிருந்துதான் சிற்றாலயத்தைக் குறிக்கும் சாப்பல் என்ற சொல்லும், படைமுகாம் அருள்பணியாளரைக் குறிக்கும் சாப்ளின் என்ற சொல்லும் பிறந்தன. பாதி அங்கியிலிருந்து பிறந்த பெயரை நம் ஆலயங்கள் சுமக்கின்றன.

கடைசியாகப் படைவீரரிடம் வருவோம். யோவான் அவர்களிடம், படையை விட்டு ஓடிவாருங்கள் என்று சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சுமத்தாதீர்கள், உங்கள் ஊதியம் போதுமென்று இருங்கள் என்றார். அந்தப் பழைய சட்டைகளின் உள்பக்கத்தில் சில நேரம் மையால் எழுதிய ஓர் எண் இருக்கும். யாரோ ஒருவரின் படை எண். அவர் வீடு திரும்பினாரா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. உடுத்தியவருக்காக ஒரு செபம் சொல்லக்கூட நமக்குத் தோன்றியிருக்காது. இன்று சொல்வோம். எல்லையில் பனியில் நிற்கும் நம் பங்கின் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துச் சொல்வோம்.

ஓய்வுபெற்ற படைவீரர் பலர் இன்று நம் அடுக்குமாடி வாசலிலும் ஏடிஎம் வாசலிலும் காவலராக இருக்கிறார்கள். மார்கழி பிறக்கப்போகிறது. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரின் பெயர் நமக்குத் தெரியுமா? வடமாநிலங்களிலிருந்து வந்து, கட்டி முடியாத கட்டடங்களில் தரையில் படுத்துறங்கும் இளைஞர்களிடம் போர்வை இருக்கிறதா?

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். கிறிஸ்துமஸ் துணி எடுக்கக் கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறப்போம். நாமே இன்னும் ஐந்து ஆண்டு போடக்கூடிய ஒன்றை எடுப்போம். துவைத்து, பொத்தான் தைத்து, தேய்த்து மடிப்போம். மூட்டையாகக் கட்டி எங்கோ அனுப்ப வேண்டாம். பெயர் தெரிந்த ஒருவருக்கு, கையில் கொடுப்போம். பெயர் தெரியவில்லை என்றால் முதலில் பெயரைக் கேட்போம். அன்பியங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருப்பவர்கள் வழிகாட்டுவார்கள். கொடுக்க ஏதுமில்லாத வீடுகள் உண்டு. வாங்குவதிலும் வெட்கம் வேண்டாம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த நம் ஆண்டவர் துணிகளில் பொதியப்பட்டார். கல்வாரியில் அவருடைய ஆடைகளையும் படைவீரர்களே பங்கிட்டு, அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள்.

செபிப்போமாக. எல்லாம் வல்ல இறைவா, எங்களிடம் மிஞ்சியிருப்பது யாருடையது என்று காணும் கண்களை எங்களுக்குத் தாரும். போர்க் கருவிகள் வாழ்வின் கருவிகளாகும் நாளை விரைவில் அருளும். படைவீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் காத்தருளும். குளிரில் இருப்போர் எங்கள் கைகளால் உம் அரவணைப்பை உணர்வார்களாக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.