சுடுகாட்டுமல்லி தரும் பாடம்
(அம்பத்தூரில் நடைபெற்ற தமிழுணர்வாளர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)



தொழிற்பேட்டையில் நாளெல்லாம் உழைத்த களைப்போடு இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களிடம் இனிக்கும் பொய்யைச் சொல்ல நான் வரவில்லை.

மூளைக்கட்டியை மூலிகையாலேயே கரைத்துவிடலாம் என்று சிலர் விளம்பரம் செய்கின்றனர். அதை நம்பி அறுவையைத் தள்ளிப்போடுபவனும் தமிழன். அவனிடம் பொருள் பறிப்பவனும் தமிழன்! கட்டியோ காத்திருப்பதில்லை.

அங்ஙனமாயின், செடிகொடிகளில் மருந்தே இல்லையா? உண்டு. நம் வேலியோரத்தில் பூக்கும் பட்டிப்பூவைப் பாருங்கள். மக்கள் அதைச் சுடுகாட்டுமல்லி என்றனர். நாமோ நித்தியகல்யாணி என்னும் வடமொழிப் பெயரை முன்னிறுத்தினோம். அதன் தாயகம் மடகாசுகர்த் தீவு. கனடா நாட்டில் நோபிள், பீர் என்னும் அறிஞர்கள் நீரிழிவுக்கு மருந்து தேடி அதன் இலையை ஆய்ந்தனர். குருதியில் சருக்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன! அக்குறிப்பை விடாது பற்றி, 1958-இல் வின்பிளாசுட்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் உடன்பிறப்பான வின்கிரிசுட்டின் 1963-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிழைகள் உருவாகாமல் அது தடுக்கின்றது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டிகள் சிலவற்றிற்கு இன்றும் அது மருந்து.

குறிப்பிட்ட மரபணு இழப்புடைய ஒருவகை மூளைக்கட்டியில், கதிர்மருத்துவத்தோடு வின்கிரிசுட்டினும் வேறிரு மருந்துகளும் சேர்ந்தபோது, நோயாளர் வாழ்நாளின் நடுமதிப்பு 7.3 ஆண்டிலிருந்து 14.7 ஆண்டாக உயர்ந்ததென 2013-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. எனினும், குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பரணை வின்கிரிசுட்டின் எளிதில் கடப்பதில்லை. ஆகவே அவ்வெற்றியில் அதன் பங்கு எவ்வளவு என மருத்துவர்கள் இன்னும் வழக்காடுகின்றனர். தம் மருந்தையே ஐயுறும் இத்துணிவுதான் அறிவியல்!

நம் மஞ்சளுக்கும் இதே உரைகல்தான். அதிலுள்ள குர்குமின், ஆய்வுக் குடுவையில் மூளைக்கட்டி உயிரணுக்களைக் கொல்கின்றது. உண்டாலோ உடலில் சேர்வது மிகக் குறைவு. மூளைக்கட்டியைத் தீர்க்கும் என மாந்தரிடம் மெய்ப்பிக்கப்படவில்லை. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றதே, அது 1997-இல் எப்படி நீங்கியது? பழைய நூல்களைச் சான்றாக முன்வைத்தமையால் நீங்கியது. வென்றது சான்று; வெற்று முழக்கமன்று!

ஒரு கிராம் வின்பிளாசுட்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் உழவர்கள் அச்செடியை விளைவித்தனர். இலையும் வேரும் நம்முடையவை. மருந்தறிவு மட்டும் பிறருடையதாக இருக்கலாமா? சித்தர் ஏடுகளைப் பூசித்தது போதும். அவற்றிலுள்ள ஒவ்வொரு மூலிகையையும் ஆய்வுக்கூடத்தில் நிறுத்துவோம். முடிவு எதுவாயினும் தமிழில் எழுதுவோம்.

அதுவரை ஒரு வேண்டுகோள். விடியலில் மிகும் தலைவலி, வாந்தி, திடீர் வலிப்பு, பார்வை மங்கல் இருப்பின் மருத்துவமனைக்கு விரையுங்கள். மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியது, எளியவர்க்கும் அவ்வாயில் திறந்திருக்க வேண்டும் என்றே.

சுடுகாட்டில் பூத்த மலர் சுடுகாட்டிலிருந்து குழந்தைகளை மீட்கின்றது. மீட்டது மலரின் பெருமையன்று. அதை ஆய்ந்த உழைப்பு. அவ்வுழைப்பை நாம் மேற்கொள்வோம்!

வாழ்க தமிழ்! வளர்க தமிழறிவு!