ஒரே வண்டி, நான்கு படிகள்

மாணவ மாணவியரைச் சிறப்பாக எண்ணியே இன்றைய பேச்சை அமைத்துக்கொண்டேன். கார் வாங்குவதைப் பற்றி மாணவர்களிடம் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். பணம் கொடுப்பவர் தந்தையோ தாயோ ஆயினும், எந்த வண்டி, அதில் எந்த வகை என்று ஆராயும் வீட்டு மன்றத்தில் இன்று உங்களுக்கும் ஓர் இருக்கை உண்டு. நிறுவனத்தார் தரும் விவரச் சுவடியை முதலில் புரட்டுகிறவர்களும் நீங்களே. ஆதலின் அந்த இருக்கையில் அமர்ந்து நல்ல ஆலோசனை சொல்ல நீங்கள் கற்றுக்கொள்வது நலம்.

நடுத்தரக் குடும்பத்தார் பலர் நாடுவது சிறு செடான் வண்டி. செடான் என்பது, இயந்திரம் முன்னே, மக்கள் நடுவே, சாமான் வைக்கும் டிக்கி பின்னே எனத் தனித்தனியாக மூன்று பகுதிகள் அமைந்த கார். நம் நாட்டில் இவ்வகை வண்டிகள் பலவும் 4 மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளத்தில் நின்றுவிடுகின்றன. காரணம் அழகன்று, வரி. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 4 மீட்டருக்கு மேற்படாத சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அந்த அளவுகோல் வரிகள் மாறியபோதும் மறையவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கும் 1200 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு ஆயிற்று. செடானின் வால் குறுகியதற்கு இதுவே கதை.

இனி நம் பொருளுக்கு வருவோம். ஒரு பெயர் கொண்ட காரை வாங்கச் சென்றால், அங்கே ஒரு கார் இராது, நான்கைந்து இருக்கும். உடல் ஒன்று, பெயர் ஒன்று. விலை மட்டும் வெவ்வேறு. விற்பனையாளர் இவற்றை ‘வேரியண்ட்’ என்பர். நான் ‘படி’ என்றே சொல்லப்போகிறேன். ஏனெனில் இவை ஏணிப்படிகளைப் போலவே அமைந்துள்ளன. ஒவ்வொரு படியும் தனக்கு மேலுள்ள படியைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏணி எப்படித் தோன்றியது? அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் தம் ‘மாடல் டி’ காரை 850 டாலருக்கு விற்கத் தொடங்கினார். பெருமளவில் உற்பத்தி செய்து செய்து, 1920-களின் நடுவில் அதன் விலையை 300 டாலருக்கும் கீழே கொண்டுவந்தார். 1914 முதல் 1925 வரை அவ்வண்டி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. அவருக்கு எதிராக எழுந்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் சுலோன். எல்லாருக்கும் ஒரே வண்டி என்பதை விட்டு, வருவாய்க்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி என்று அவர் வகுத்தார். கீழே செவ்ரலே, மேலே காடிலாக், இடையே பல. பின்னர் ஒரே பெயருக்குள்ளும் படிகள் புகுந்தன. 1953-இல் செவ்ரலே கார் ‘150’, ‘210’, ‘பெல் ஏர்’ என மூன்று வகைகளில் வந்தது. அடிப்படை வண்டி ஒன்றே; மேலே போகப் போகப் பளபளப்பும் வசதியும் கூடின. இன்று நம் கடைகளில் நிற்கும் படிகள் அதன் வழித்தோன்றல்களே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெயர் சொல்வது பரிந்துரைப்பதற்கு அன்று, பாடம் விளங்குவதற்கு. 2024 நவம்பரில் மாருதி சுசுகியின் புதிய டிசையர் வெளிவந்தது. அதன் நீளம் 3995 மில்லிமீட்டர். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ பிளஸ் என்று நான்கு படிகள். நான்கிலும் இருந்தது ஒரே 1.2 லிட்டர் பெட்ரோல் இயந்திரந்தான். உச்சிப் படிக்கு மிகுதியான பணம் கொடுத்தவரின் வண்டி, அடிப்படியை வாங்கியவரின் வண்டியைவிட வலிமை மிக்க இயந்திரம் பெற்றதன்று. அவர் கூடுதலாகப் பெற்றவை அலாய் சக்கரம், பெரிய தொடுதிரை, வானம் பார்க்கும் சன்ரூஃப் போன்றவை. ஆறு காற்றுப்பைகளோ எல்லாப் படிகளிலும் இருந்தன. அவ்வண்டி குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து விண்மீன் பெற்றது.

எல்லாப் படிகளிலும் காற்றுப்பை என்பது உங்களுக்கு இயல்பாகத் தோன்றலாம். பத்தாண்டுகளுக்கு முன் அது இயல்பன்று. இந்த வரலாற்றை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

2014 ஜனவரியில், இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களின் அடிப்படிகளை அதே குளோபல் என்கேப் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஐந்தும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு விண்மீனும் பெறவில்லை. எதிலும் காற்றுப்பை இல்லை. அவற்றுள் ஒன்று ஃபோக்ஸ்வாகன் போலோ. அதன் கூடு உறுதியாகவே நின்றது. ஆனால் உள்ளே இருப்பவரின் தலையையும் மார்பையும் தாங்க ஏதும் இல்லை. பின்னர் அந்நிறுவனம் காற்றுப்பை இல்லாத வகையை நிறுத்திவிட்டு, இரண்டு காற்றுப்பை உள்ள வகையைச் சோதனைக்குக் கொடுத்தது. அது நான்கு விண்மீன் பெற்றது.

சற்றே எண்ணிப் பாருங்கள். அதே பெயர், அதே இரும்பு, அதே சாலை. ஒரு படிக்கும் மற்றொரு படிக்கும் இடையே இருந்த வேறுபாடு உயிர். உயிர்க்காப்பும் பளபளப்பும் ஒரே ஏணியில் அடுக்கப்பட்டிருந்த காலம் அது. பணம் குறைந்தவனின் தலை, பணம் மிகுந்தவனின் தலையைவிட மலிவானதா? இந்தக் கேள்விக்குச் சந்தை தானாக விடை சொல்லவில்லை. சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். தடுப்பு முறை 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. அவர் அருகே அமர்பவருக்கும் அது வேண்டும் என்ற விதி 2021-இல் வந்தது. ஆறு காற்றுப்பைகளுக்கு 2022-இல் வரைவு விதி வெளியாயினும், அது கட்டாயமாக்கப்படாது என்று 2023-இல் அமைச்சர் அறிவித்தார். எனவே சட்டம் ஓர் எல்லைவரை நம்மைக் காக்கிறது. அதற்கு அப்பால் நாமே கேட்டறிதல் வேண்டும்.

எப்படிக் கேட்டறிவது? வள்ளுவப் பெருமான் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதை மனத்திற்கொண்டு, ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடிடுங்கள். முதற்பத்திக்குக் ‘காப்பு’ என்றும், இரண்டாவதற்குப் ‘பயன்’ என்றும், மூன்றாவதற்குக் ‘காட்சி’ என்றும் தலைப்பிடுங்கள். பிறகு அடிப்படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படி ஏறும்போதும் புதிதாகச் சேர்வது எதுவோ அதை உரிய பத்தியில் எழுதுங்கள்.

காப்பு என்பதில் காற்றுப்பைகளின் எண்ணிக்கை, வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு ஏற்பாடு, ஐந்தாமவர்க்கும் தோளோடு அணையும் மும்முனைப் பட்டை, ஒவ்வோர் இருக்கைக்கும் தலைத்தாங்கி, குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகியவை வரும். பயன் என்பதில் ஓட்டுநர் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் வசதி, பின் இருக்கைக்குக் குளிர்காற்று, தானியங்கிக் கியர், பின்புறம் காட்டும் கேமரா போன்றவை வரும். காட்சியில் சன்ரூஃப், அலாய் சக்கரம், குரோமியப் பட்டை, பெரிய திரை ஆகியவற்றை எழுதலாம். வீட்டுக்கு வீடு சில பொருள்கள் பத்தி மாறும். உயரம் குறைந்த தாய் ஓட்டும் வண்டியானால், இருக்கையை உயர்த்தும் வசதி பயனிலிருந்து காப்புக்கே ஏறிவிடும். சாலையைக் காணாதவர் எப்படி ஓட்டுவார்? முழங்கால் வலியுள்ள தந்தை நகர நெரிசலில் நாள்தோறும் ஓட்டுவாரானால், தானியங்கிக் கியர் ஆடம்பரம் ஆகாது.

அடுத்து இன்னொரு கேள்வி: இதைப் பிறகு சேர்க்க முடியுமா? இருக்கை உறை, தரைவிரிப்பு, பாட்டுப் பெட்டி ஆகியவற்றைப் பின்னர் வசதிப்பட்டபோது பொருத்திக்கொள்ளலாம். ஆனால் மின்கம்பிகளை வெட்டி இணைத்தால் நிறுவனத்தின் உத்தரவாதத்திற்கு இடையூறு வரலாம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். காற்றுப்பையையோ, சறுக்கல் தடுப்பையோ, தானியங்கிக் கியரையோ பின்னர் கடையில் வாங்கிப் பொருத்த இயலாது. அவை பிறக்கும்போதே வண்டியோடு பிறக்க வேண்டும். ஆதலின் படி ஏறுவதானால், பிறகு சேர்க்க முடியாதவற்றிற்காக ஏறுங்கள்.

விற்போரின் கலையையும் இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்குத் தேவையான ஒரு பொருளை, தேவையற்ற நான்கு பொருள்களோடு ஒரே மூட்டையாகக் கட்டி மேற்படியில் வைப்பது அக்கலை. முன் சொன்ன டிசையரிலேயே, வெளிவந்தபோது தானியங்கிக் கியர் வேண்டுமெனில் அடிப்படியில் கிடைக்காது. இரண்டாம் படிக்கு ஏற வேண்டும். இதில் வஞ்சகம் இல்லை, வாணிகம் உண்டு. மூட்டையை அவிழ்த்துப் பார்த்து விலை மதிப்பது நம் கடமை. இரண்டு படிகளுக்கு இடையே உள்ள விலை வேறுபாட்டை, நமக்கு உண்மையில் தேவைப்படுகிற பொருள்கள் மட்டும் தாங்குமா என்று கேளுங்கள். தாங்கினால் ஏறுங்கள், தாங்காவிட்டால் நின்றுவிடுங்கள்.

“இன்னும் ஒரு லட்சந்தானே” என்ற சொல்லை நீங்கள் கேட்பீர்கள். அந்த ஒரு லட்சத்திற்குக் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக அதைப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 2,076 ரூபாய். 60 மாதங்களில் கட்டுவது சுமார் 1,24,500 ரூபாய். இதனோடு முடிவதில்லை. சாலை வரி வண்டியின் விலையை ஒட்டியது. தமிழ்நாட்டில் விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் வரி விகிதமே உயர்ந்துவிடும். காப்பீட்டுக் கட்டணமும் வண்டியின் மதிப்பை ஒட்டியே ஏறும். பெரிய சக்கரத்துக்குப் பின்னாளில் வாங்கும் டயரும் பெரும்பாலும் விலை கூடியதே. ஆக, ஒரு லட்சம் என்பது ஒரு லட்சம் அன்று. திங்கள்தோறும் 2,076 ரூபாய் என்பது உங்களுள் ஒருவரின் கல்லூரிச் செலவில் ஒரு பகுதியாக இருக்கலாம். வாரத்தில் ஒருநாள் திறக்கப்படும் கூரைச் சன்னலுக்காக அதைக் கொடுப்பதா என்று வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்களே.

அடிப்படியே எப்போதும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. காப்பில் மிச்சம் பிடிப்பவன் கருமி. காட்சியில் மிச்சம் பிடிப்பவன் சிக்கனக்காரன். பல குடும்பங்களுக்குப் பொருத்தமானது இரண்டாம் படியாகவோ மூன்றாம் படியாகவோ இருக்கலாம். எந்தப் படி என்பதை அண்டை வீட்டாரின் வாயிலில் நிற்கும் வண்டி முடிவு செய்யலாகாது. உங்கள் மூன்று பத்தித் தாள் முடிவு செய்ய வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது இன்னும் சில. காட்சிக்கு நிறுத்தப்பட்டிருப்பது பெரும்பாலும் உச்சிப் படி; நீங்கள் வாங்கப்போகும் படியையே காட்டச் சொல்லி, அதிலேயே ஓட்டிப் பாருங்கள். குடும்பத்தார் ஐவரும் ஏறி அமர்ந்து பாருங்கள். விண்மீன் மதிப்பைச் சொன்னால், சோதனைக்கு உட்பட்டது எந்த வகை, அந்தக் காப்பு ஏற்பாடுகள் நம் படியிலும் உண்டா என்று கேளுங்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற சோதனை முறை நம் நாட்டிலேயே நடைபெறுவதால், இக்கேள்விக்கு விடை பெறுவது எளிதாகியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. எல்லாப் படிகளிலும் தவறாது கிடைக்கும் ஒரு காப்பு உண்டு. அது இருக்கைப் பட்டை. 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனைப் பட்டையை, அந்நிறுவனம் பிறரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. காற்றுப்பையும் பட்டையோடு சேர்ந்தே முழுப் பயன் தரும். பின் இருக்கையில் அமர்வோரும் பட்டை அணிய வேண்டும் என்பது விதி. ஆனால் அங்கேதான் பலர் அதை இருக்கைக்கு அடியில் திணித்துவிடுகிறார்கள். உச்சிப் படியை வாங்கிப் பட்டை அணியாதவர், அடிப்படியை வாங்கிப் பட்டை அணிந்தவரைவிடப் பாதுகாப்பில் தாழ்ந்தவரே. அடுத்த முறை வண்டியில் ஏறும்போது, பின் இருக்கையில் முதலில் பட்டையை இழுத்து மாட்டுகிறவர் நீங்களாக இருங்கள். மற்றவர்களும் மாட்டிய பிறகே வண்டி நகரட்டும்.