தலைவலியும் விடுப்பும்: மரபு எவ்வளவு, குடும்பம் எவ்வளவு?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைமையாசிரியராக இருந்தபோது நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை மாதம் தவறாமல் ஓரிரு நாள் தலைவலி என்று விடுப்பு எடுப்பார். அவருடைய அம்மாவும் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அடிக்கடி விடுப்பில் போவாராம். பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் அந்த ஆசிரியை விண்ணப்பத்தை நீட்டியபோது, மற்றவர்கள் காதுபட, "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஆமாங்க சார், அம்மாவுக்கும் இதே தலைவலிதான். அவங்க காலத்துல அதை யாரும் நோய்னு ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பதில் வரவில்லை. நோய்விடுப்புக்கும் பரம்பரைக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்று அதன்பின் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்தவை நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகள். அங்கே விடுப்புக் கணக்கு அரசுப் பதிவேடுகளில் இருக்கிறது. ஸ்வீடனில் நோய்விடுப்பின் முதல் 14 நாள்களுக்கு முதலாளி ஊதியம் தருகிறார். எட்டாம் நாளிலிருந்து மருத்துவச் சான்று தேவை. 14 நாள்களைத் தாண்டினால் சமூகக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கிறது. அந்த நாட்டில் இரட்டையர்களுக்கென்றே ஒரு பெரிய பதிவேடும் உண்டு. புகையும் மதுவும் நோய்களில் வகிக்கும் பங்கை அறிய 1950களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது அது. ஸ்டாக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. இந்த இரண்டு பதிவேடுகளையும் இணைத்துப் பார்த்தார்கள்.

ஏன் இரட்டையர்கள்? ஒரு கரு இரட்டையர்களின் மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரு கரு இரட்டையர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியளவே ஒத்திருப்பார்கள். இருவகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். ஒரு கரு இரட்டையர்களின் விடுப்பு கூடுதலாக ஒத்துப்போனால் அங்கே மரபுக்குப் பங்கு உண்டு என்று கொள்ளலாம்.

அப்படித்தான் தெரியவந்தது. நீண்ட நோய்விடுப்பில் மரபுக்கு மிதமான பங்கு இருக்கிறது. இதில் வியப்பில்லை. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி, மனச்சோர்வு போன்றவற்றில் மரபின் பங்கு முன்பே அறியப்பட்டதுதான். "விடுப்பு எடுக்கும் மரபணு" என்று ஒன்று கிடையாது. நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகுதான் இறங்கி வருகிறது. மீதிப் பங்கில் பெரும்பகுதி, ஒரே வீட்டில் வளர்ந்ததால் வருவது அன்று. வேலை, மணவாழ்க்கை, விபத்து என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேர்வது.

அப்படியென்றால் குடும்பப் பழக்கத்துக்கு இடமே இல்லையா? நார்வேயில் வேறொரு வகை ஆய்வு நடந்தது, 2014இல் வெளியானது. அது நோய்விடுப்பைப் பற்றியது அன்று. உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகையைப் பற்றியது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம். எந்த நடுவரிடம் வழக்குப் போகும் என்பது குலுக்கல் போலத்தான். சில நடுவர்கள் இளகிய மனத்தினர், சிலர் கண்டிப்பானவர்கள். ஆகவே இருதரப்புக் குடும்பங்களின் மரபிலும் சராசரியாக வேறுபாடு இருக்காது. ஆனாலும், பெற்றோருக்கு உதவித்தொகை கிடைத்த குடும்பங்களில், வளர்ந்த பிள்ளைகளும் அதைப் பெறும் வாய்ப்பு 5 ஆண்டுகளில் 6 சதவீதப் புள்ளிகளும், 10 ஆண்டுகளில் 12 சதவீதப் புள்ளிகளும் உயர்ந்தது. இதை மரபணு செய்திருக்க முடியாது. அம்மா அப்பாவின் அனுபவத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்று கருதலாம்.

ஆக, இரண்டும் உண்மை. ஆனால் இந்த உண்மையைக் கொண்டு ஒரு தனிமனிதரை எடைபோட முடியாது. மரபின் பங்கு 40 சதவீதம் என்று ஓர் ஆய்வு சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியை எடுத்த பத்து நாள் விடுப்பில் நான்கு நாள் பரம்பரை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. சூழல் மாறினால் கணக்கும் மாறும். ஒரே விதைநெல் நல்ல வயலில் ஒருவிதமாகவும் களர்நிலத்தில் வேறுவிதமாகவும் விளைவதை நாம் அறிவோம். விதையை மாற்ற முடியாதபோது நிலத்தையாவது பார்க்க வேண்டாமா?

நான் பார்த்தேன். அந்த ஆசிரியைக்குக் காலை வழிபாட்டின்போது வெயிலில் நிற்கும் பொறுப்பு. மதியத்தில் தகரக்கூரை போட்ட வகுப்பறை. உணவு இடைவேளையில் சத்துணவு மேற்பார்வை. சாப்பிட நேரம் தவறிவிடும். வெயில், வெப்பம், பசி மூன்றும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டக்கூடியவை. மூன்றையும் அவருக்கு ஒதுக்கியது நான்தான். அவருடைய அம்மா அல்ல.

கால அட்டவணையை மாற்றினேன். விடுப்பு அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. எல்லோர் காதுபடச் சொன்னதை எல்லோர் காதுபடவே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நம் வருகைப் பதிவேட்டிலும் இதே சிக்கல் இருக்கிறது. அடிக்கடி வராத பிள்ளையைப் பார்த்து, "இவன் அண்ணனும் இப்படித்தான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அண்ணனும் அப்படி இருந்திருந்தால், அந்த வீட்டில் இரத்தசோகையோ, இளைப்போ, கவனிக்கப்படாத வேறு நோயோ இருக்கிறதா என்று கேட்க அது ஒரு காரணம். குடும்பத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது, அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பப் பயன்படட்டும். ஒதுக்கிவைக்கப் பயன்பட வேண்டாம்.